கம்ப்யூட்டர் அறை வாசலில் மிஞ்சிய செருப்பு

போன் திருத்தும் கடையின் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. அலுமாரிக்கு மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. என்னை அறியாமலே செருப்பைக் கழற்றினேன்.

"அம்மா, இது கோயில் இல்ல" என்று கடைப் பையன் சிரித்தான்.

யுத்த காலத்தில் கண்டி டவுனில் நானும் அண்ணனும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனோம். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று எல்லோரும் செருப்பை வெளியே விடுவோம். உள்ளே கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் துடிக்கும். ஒரு நாள் வழியில் என் செருப்பு அறுந்து, நான் வெறுங்காலோடு வந்திருந்தேன்.

டவுனில் குண்டு வெடித்ததாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் ராணுவத்தின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. எனக்கு அட்டை எடுக்கும் வயது வரவில்லை. அண்ணனுக்கு வந்தும் கிடைக்கவில்லை.

வகுப்பு எடுத்த சிங்கள மிஸ் வாசலை மறித்து நின்று, "சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க தம்பி, தூசி பட்டா மெஷின் போயிரும்" என்று தன் பாஷையில் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்திராத ஆமிக்காரர்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்கள்.

"புள்ள, நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பின்கதவால் இறங்கிவிட்டான்.

சோதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்து செருப்பை மாட்டினோம். பெரிய செருப்பு ஜோடி ஒன்று மிஞ்சியது. "இது யாருடையது?" என்றான் ஆமிக்காரன் ஒருவன்.

நான் கால்களை அதற்குள் நுழைத்துக்கொண்டேன். அவன் என் சின்னக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

அண்ணன் வெறுங்காலோடு ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை அதை நான் கழற்றவில்லை.

கடைப் பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.