பசு மண்டபத்து ஓசி இங்கிலீஷ்

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்பாக்கத்தில் எப்படியாவது வேலைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. பட்டம் இருந்தது; இங்கிலீஷ் பேச வாய் வரவில்லை. டியூஷனுக்கு வழியில்லை. பழைய பேப்பர் கடையில் முன்பக்கங்கள் கிழிந்த இலக்கணப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதையும், கடலைப் பொட்டலம் கட்டி வந்த இங்கிலீஷ் பேப்பரையும் வைத்துப் படித்தேன்.

என் மனைவி எட்டாவதோடு நின்றவள். "எனக்கும் சொல்லிக் குடுங்க. பாப்பா ஸ்கூல் போனா டீச்சர்கிட்ட நானே பேசணும்" என்றாள். பாப்பாவுக்கு அப்போது நடையே வரவில்லை.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். அவள் அம்மா வீடு மாமல்லபுரம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால், வெள்ளைக்காரர்களுக்குச் சிற்பம் காட்டும் கைடுக்குப் பின்னால் நடக்கலாம். கண் சிலைமேல், காது அவரிடம். கொஞ்ச நாளில் அவர் எங்களைக் கண்டுகொண்டார்.

"இன்னா சார், இன்னிக்கும் ஓசி கிளாஸா? பாப்பாவுக்கும் அட்மிஷனா?"

"தொந்தரவா இருந்தா போயிடறோம்" என்றேன்.

"இருந்துட்டுப் போங்க. பாப்பா அழுதா மட்டும் தூக்கினு ஓரமா போயிடும்மா."

நான் அவர் வாக்கியங்களை எழுவாய், பயனிலை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருப்பேன். அவள் முழுதாக விழுங்கிவிடுவாள். பாத்திரம் தேய்க்கும்போது மொத்தத்தையும் ஒப்பிப்பாள். அவர் இருமும் இடத்தில் இவளும் இருமுவாள்.

"அந்த இருமல் எதுக்கு?"

"அது இல்லாம அடுத்த வரி வரமாட்டேங்குதுங்க."

ஒரு ஞாயிறு, பசு மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தின் முன்னால், கூட்டத்திலிருந்து ஒதுங்கி வந்த வயதான வெள்ளைக்காரி என்னிடம் ஏதோ கேட்டாள். நான் வாக்கியத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவள் என் மனைவி பக்கம் திரும்பிவிட்டாள். மனைவி ஒருமுறை இருமினாள். பிறகு பசு கன்றை நக்குவதை, கைடு சொல்வதுபோலவே, தங்குதடையில்லாமல் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "ஹவ் ஓல்ட்?" என்றாள். எந்தச் சிலையின் முன்னாலும் கைடிடம் கேட்கப்படும் கேள்வி அது. மனைவி அவருடைய பதிலையே சொன்னாள்: "தர்ட்டீன் ஹண்ட்ரட் இயர்ஸ், மேடம்."

அந்த அம்மாள் சிரித்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்திருக்க வேண்டும். அதோடு போயிருக்கும். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள் என்று எல்லோர் முன்னிலையிலும் அவளுக்குத் தமிழில் விளக்கினேன்.

மறுநாள் மண்டியில் சொன்னேன். பிறகு கல்யாண வீடுகளில், வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னேன். "எங்க பாப்பாவுக்கு ஆயிரத்து முந்நூறு வயசு." காப்பி கொண்டுவந்தபடி அவளும் முதலில் சேர்ந்து சிரித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு மாமல்லபுரம் போனதும், "நீங்க போய்ட்டு வாங்க. நான் அம்மா வூட்ல இருக்கேன்" என்றாள். அதன்பின் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எனக்கு முந்தி அவள் பேசிவிட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் சிரித்தேன். இது எனக்கு அன்றே தெரியும்.

கல்பாக்கம் இன்டர்வியூவில் வார்த்தை வராமல் நின்றபோது ஒருமுறை இருமினேன், வந்தது. வேலையும் கிடைத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மகளின் பள்ளியில் டீச்சர் கூப்பிட்டபோதெல்லாம் நான்தான் உள்ளே போனேன். அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பள்ளி கேட் அருகே நிற்பாள்.

போன வருடம் மகள் எங்களை மாமல்லபுரம் அழைத்துப்போனாள். அதே பசு. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி சிற்பத்தைக் காட்டி, எவ்வளவு பழசு என்று என் மனைவியிடம் இங்கிலீஷில் கேட்டாள். மனைவிக்குப் புரிந்தது. ஆனால் வாயைத் திறக்கும் முன் என் முகத்தைப் பார்த்தாள். மகள் பதில் சொல்லப் போனாள். மகளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீயே சொல்லு" என்றேன் மனைவியிடம்.

"எதுக்கு? ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அந்தப் பெண் காத்திருந்தாள். என் மனைவி என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தாள். பசுவின் பக்கம் திரும்பி, ஒருமுறை இருமினாள்.