நுனி அரிந்தவள்

“பெயர்: அம்சம். வயது முப்பத்தைந்து. திடகாத்திரமான உடற்கட்டு. கூட்டத்தைத் தூண்டிவிடும் பேச்சாற்றலும், நச்சு மருந்துகளைக் கையாளும் நயவஞ்சகத் திறனும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற தீவிரவாதி.”

அரசாங்கக் காகிதமெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று கழக ஆட்சி வற்புறுத்திக்கொண்டிருந்த காலம். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு காவல் நிலையத்தின் ரைட்டர் மேடைப் பேச்சு ஒன்றையும் தவறவிடாதவர். அம்சத்தின் குற்றப்பத்திரிகையில் கிடைத்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. அம்சத்துக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கைதான அன்று ஜீப்பில் ஏற எட்டாமல், ஒரு போலீஸ்காரர் தூக்கிவிட வேண்டியிருந்தது. பேச்சாற்றலைப் பொறுத்தவரை, விவசாயக் கூலிச் சங்கக் கூட்டங்களில் அவள் பின்வரிசையில் சாய்ந்து தூங்குகிற வழக்கம்.

அந்தச் சம்பாவுக்குக் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. மிராசுதார் வைத்தியலிங்கத்தின் வேலைக்கு யாரும் போகக் கூடாது. போனால், அந்தக் குடும்பத்தோடு தெருவில் நெருப்பு, தண்ணீர் புழக்கம் இல்லை. கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் செல்லத்துரை. சரியென்று கை தூக்கியவர்களில் அம்சமும் ஒருத்தி. தூக்கியபோது அவள் மகள் ராஜம்மாளுக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு வீட்டில் கஞ்சிக்கு அரிசி இல்லை. மகளுக்குப் பால் ஊறவில்லை.

வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனதில், வைத்தியலிங்கத்தின் நாற்றங்காலில் நாற்று முற்றி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். முற்றிய நாற்றை அப்படியே நட்டால் தலை சாய்ந்துவிடும். நுனியை அரிந்துதான் நடுவார்கள். லாரியில் வந்தவர்களுக்கு நடவே சுமாராகத்தான் வந்தது.

அம்சம் கொல்லைப்பக்கமாகப் போய் அவருடைய மாட்டுக்கொட்டிலில் நின்றாள். “ஆண்டே” என்று வாயில் வந்துவிட்டது. எசமானைக் கும்பிட்டு அழைக்கும் அந்தச் சொல்லைச் சங்கம் ஒழித்து வருஷங்களாகியிருந்தன.

“என்னடி, ஒங்க தலைவரு சோறு போடலியா?”

“வயலுக்கு வரலீங்க. இங்ஙனயே குந்தி நுனிய அரிஞ்சு குடுத்துடறேன். வெளிய தெரிய வேணாம்.”

“குந்து. எங்க குந்துனா எனக்கென்ன, நாத்து அரிஞ்சா சரி.”

சில நாட்கள் அவள் நாற்று முடிகளை, கட்டை அவிழ்க்காமலே ஒவ்வொன்றாக அரிந்து, ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கி வைத்தாள். கூலி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு போனாள். ராஜம்மாளுக்குப் பால் ஊறியது.

நட்டு ஒரு மாதம் ஆகவில்லை, பயிர் சாகத் தொடங்கியது. இலைகள் வெளிறிச் சுருண்டன. தூர் தூராகத் துவண்டன. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே பயிர் தாகத்தால் செத்தது. சங்கத்துக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று வைத்தியலிங்கம் புகார் கொடுத்தார்.

விவசாய இலாகா அதிகாரி துரைராசு வந்து ஓர் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினார். வெட்டுவாயிலிருந்து பால் இழை மாதிரி ஏதோ இறங்கியது.

“வெசமில்லீங்க, கிருமி. வேர் உறிஞ்சற தண்ணியும் மண்ணுச் சத்தும் மேல ஏற, மயிரவிட மெல்லிசா குழாய் இருக்கு. இலை சமைக்கிற சாப்பாடு கீழ எறங்க வேற குழாய். நுனிய வெட்டுனா ஏறுற குழாய்க்கு வாய் தொறந்துடும். கிருமி அது வழியாப் பூந்து, பெருகி, அடைச்சுக்கும். அப்பறம் காவேரியே வந்து நின்னாலும் இலைக்குச் சொட்டு ஏறாது. ஒரே அருவா, ஒரே தொட்டின்னா எல்லா முடிக்கும் பரவிடும். நுனி அரிஞ்சுதானே நட்டீங்க?”

“நம்ம பண்ணையில அந்தப் பழக்கமே கெடையாது,” என்றார் வைத்தியலிங்கம். விஷம் என்றால் செல்லத்துரையை உள்ளே தள்ளலாம். கிருமி என்றால் நஷ்டம் மட்டும்தான் மிச்சம்.

இன்ஸ்பெக்டருக்கும் அதே கஷ்டம். “சார், கிருமிக்கு நான் எங்க வெலங்கு மாட்டுறது?”

விலங்குக்கு ஒரு கை வேண்டியிருந்தது. சங்கத்து ஆள் ஒருத்தி பண்ணைக்குள் திருட்டுத்தனமாக வந்துபோனாள் என்று வைத்தியலிங்கம் அம்சத்தின் பெயரைக் கொடுத்தார். அந்தப் புகாரில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். பிறகு ஸ்டேஷனுக்கே வந்து பேசினார்: “செல்லத்துரைதான் மருந்து குடுத்தான்னு சொல்லிடு. சாயங்காலமே வூட்டுக்குப் போயிடலாம்.”

விசாரணை நாளில், கோர்ட்டு வராந்தாவில் துரைராசு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இந்தாம்மா, கொட்டில்ல அரிஞ்ச நுனி கெடந்ததப் பார்த்தேன். மறுநாள் போனா மாடு தின்னுருக்கு. இனிமே ஒன் வாய்ச்சொல்லுதான் சாட்சி. அரிஞ்சேன்னு மட்டும் சொல்லு, என் ரிப்போர்ட்டு நிக்கும், நீ வெளிய வந்துடலாம்.”

“எங்க வரதுங்க?” என்றாள் அம்சம்.

தெருவே திரண்டு வந்திருந்தது. செல்லத்துரை கையில் மாலை. “அம்சக்கா! ஒங்களுக்குள்ள இப்புடி ஒரு நெஞ்சுரம் இருந்தது தெரியாமப் போச்சே!” அவள் தீவிரவாதி என்பதில் போலீசும் சங்கமும் ஒத்துப்போயின, அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை. ராஜம்மாளும் வந்திருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் இருந்தது. அம்சம் கைதானதிலிருந்து வீட்டுக்கு ஒரு வேளை என்று தெருவே முறைவைத்து ராஜம்மாளுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. அந்தச் சோறு யாருடைய மகளுக்கு என்பது அம்சத்துக்கு நன்றாகத் தெரியும்: விஷம் வைத்தவளின் மகளுக்கு. நுனி அரிந்தவளின் மகளுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

மாஜிஸ்திரேட் கேட்டார்.

“ஆமாங்கய்யா. வெசம் வச்சேன்.”

“யார் கொடுத்தது?”

“யாரும் குடுக்கலீங்க. நாந்தான்.”

துரைராசு தன் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்சத்தை வேலூர் சிறைக்கு அனுப்பினார்கள்.

அம்சம் பட்டினிக்காக நாற்று நுனி அரிந்தாள். அது தெருவுக்குத் தெரியாமலிருக்க, வைக்காத விஷத்தை வைத்ததாகச் சொல்லி ஓராண்டு சிறையிருந்தாள்.