கார்ட் கழற்றிய பிறகு

ஜெஸீமா ராத்தா இறந்த செய்தி ராத்தாவின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. சுபஹு தொழுதுவிட்டுப் போனை எடுத்தால், "உம்மா மௌத்து" என்று இரண்டே சொற்கள். மகள் ஹஸ்னாதான் உம்மாவின் போனிலிருந்து அனுப்பியிருக்கிறாள் என்று விளங்கும்வரை அந்த இரண்டு சொற்களையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இதை வாசிக்கும் கல்முனை, மருதமுனைப் பெண்கள் பலருக்குக் கலியாணப் படம் எடுத்தவர் அவர். ஆண்கள் நுழையாத பெண்கள் பக்கத்தில் அவர் கமரா பிடிக்க, நான் லைட் பிடித்தேன். வேலை முடிந்ததும் கமராவின் மெமரி கார்ட்டைக் கழற்றி மணமகளின் கையிலேயே வைப்பார். அது போதாதென்று கார்ட் இருந்த இடத்தின் மூடியைத் திறந்து உள்ளே காட்டுவார். பிறகு மணமகள் எழும்பிய வெறும் நாற்காலியைப் பார்த்துக் கமராவின் பொத்தானை ஒரு தரம் அமத்துவார். "பாத்தியா கிளி, வெறுங் கமரா. படம் எடுக்கிறவட ஊட்டுல படம் இரிக்கப்படா" என்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் எல்லாரும் அவர் முன்னால் முக்காட்டை எடுத்தார்கள்.

பெரிய கமராவும் இரண்டு லென்ஸும் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. டொக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகே அபாயாப் பைக்குள் அடங்கும் சின்னக் கமரா ஒன்றை வாங்கினார். முதல் கலியாணத்தில் பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை. "என்ன ராத்தா, படமெடுக்க வந்தயா, கச்சான் திங்க வந்தயா?" என்று, கடலைப் பொட்டலமளவே இருந்த அந்தக் கமராவைக் காட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பும்போது என்னிடம், "சத்தமே வருதில்லடி. நான் எடுத்தனா, வேற ஆரும் எடுத்தாங்களா எண்டு எனக்கே தெரியுதில்ல" என்றார். நான் அதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் ஹஸ்னா அந்தக் கமராவை என்னிடம் தந்தாள். "சாச்சி, உம்மாட முகம் ஐடென்டிகாட்டுல மட்டுந்தான் இரிக்கி. எங்கயாச்சும் ஒண்டு கிடக்கா எண்டு பாருங்க" என்று அழுதாள். ஊருக்கே படம் எடுத்தவர் தன்னை எடுக்க ஒருநாளும் விட்டதில்லை.

கார்ட் இல்லாமல்தான் கமராவை இயக்கிப் பார்த்தேன். உள்ளே படங்கள் இருந்தன. கார்ட் இல்லாவிட்டாலும் தனக்குள்ளேயே கொஞ்சம் சேமித்துக்கொள்ளும் கமரா அது. எங்கள் இருவருக்கும் அது தெரியாமல் போனது. மணமகளின் முகம் ஏதாவது மிஞ்சியிருந்தால் ராத்தாவின் பெயர் என்ன ஆகும் என்று பயந்துகொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நல்லவேளை, முகம் எதுவும் இல்லை. வெறும் நாற்காலிகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக.

கடைசி நாற்காலி சாய்ந்தமருதில் ஒரு மாடி வீட்டினுடையது. அதற்கு அடுத்த படத்திலும் அதே நாற்காலி. அதில் ராத்தா உட்கார்ந்திருந்தார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண்களெல்லாம் கீழே சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டார்கள். நான் திரீவீலில் லைட்டுகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். ராத்தா கடைசியாக இறங்கி வந்தார்.

"என்ன ராத்தா, சுணங்கிட்டயள்?"

"கதைச்சிட்டு இருந்தன்."

"மேல ஒருத்தரும் இல்லையே, ஆரோட?"

"நீ ஏறு" என்றார்.

தானாகப் படம் எடுக்கும் டைமரை வைத்திருப்பார் என்கிறார் என் கணவர். மெனுவைத் திறந்து கொடுப்பதே நான்தான். ராத்தாவுக்கு டைமர் தெரியாது. படமோ நிற்கும் ஓர் ஆளின் கண் உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நெடுநாள் பழகியவரைப் பார்ப்பதுபோல ராத்தா நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹஸ்னாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "சாச்சி, உம்மாட ரெண்டு கையும் மடியில கிடக்கு. அப்ப எடுத்தது ஆரு?"

"தெரியா மகள்" என்றேன்.

ராத்தா செய்வதுபோலவே செய்தேன். படத்தைக் கார்ட்டில் ஏற்றி அவள் கையில் வைத்தேன். கமராவுக்குள் இருந்ததையெல்லாம் அவள் கண் முன்னாலேயே அழித்தேன். கமராவை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பெண்கள் பக்கத்து வேலைக்கு இப்போது அதைத்தான் கொண்டு போகிறேன். கார்ட்டைக் கொடுத்ததும் அணைத்துவிடுவேன். வெறும் நாற்காலியைப் பார்த்து அமத்துவதில்லை.

ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கமராவும், யாருடைய படத்தையும் வைத்திருக்காத பழக்கமும்தான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் எத்தனையோ நாள் மனம் கிடந்து தவித்திருக்கிறது. ஹஸ்னாவிடம் கேட்டால் காட்டுவாள். நான் கேட்கவில்லை. இன்னொரு தரம் பார்த்தால், ராத்தா யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது.