விளக்கு வைத்த பிறகு ஒரு குப்பை

"ஒடைக்கிறதுக்கு ஊரே இருக்கு, கூட்டுறதுக்கு நான் ஒருத்திதான்."

மலேசியாவில் பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லோகேஸ்வரியின் இந்தப் புலம்பலைக் கேட்காத காது கிடையாது. பாதி மூக்கால், பாதி பெருமூச்சால் இழுத்து இழுத்துச் சொல்வாள். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அதே ராகத்தில் சொல்லிச் சிரிக்கும். ஆனால் அவள் சொல்வதில் பொய்யில்லை. காலையில் தோட்டத்து ஆபீஸைக் கூட்டுவாள். பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழங்களைக் கூட்டி அள்ளுவாள். வெள்ளிக்கிழமையானால் கோவில் வாசலும் அவள் தலையில்தான். வீட்டுக்கு வந்தால் வீடு.

அந்த வெள்ளிக்கிழமை சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் காலை நீட்டப் போனாள். உள்ளறையில் 'டப்' என்று ஒரு சத்தம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் விமலாவின் அறையில் சுருள் பல்பு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. அதை மாற்றுகிறேன் என்று புருஷன் மணியம் நாற்காலியில் ஏறியிருந்தார். இப்போது அவர் கையில் பல்பின் அடிப்பாகம் மட்டும்தான் மிச்சம். பழைய சாமானெல்லாம் இப்படித்தான் என்று, கோவில் கூட்டத்தில் மைக் பிடித்தவர் மாதிரி விளக்கம் வேறு கொடுத்தார்.

லோகேஸ்வரி ஈர்க்குச்சி கட்டிய லிடி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். கண்ணாடித் துண்டுகளோடு வெள்ளைத் தூளும் சேர்ந்து வந்தது. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாழ வந்த நாள் முதல் அவள் அதை மீறியதில்லை. காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று விமலாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூலையில் ஒதுக்கி வைத்தாள். கொசு வருமென்று ஜன்னலைச் சாத்தினாள். மகளுக்குப் புழுங்குமே என்று காற்றாடியையும் போட்டுவிட்டாள்.

பக்கத்து ஊரான ரெம்பாவில் நர்ஸாக இருக்கும் மரியகொரெட்டி, விமலாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக விமலா பல்பு உடைந்த கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். மருந்து கொடுக்கிற கவுண்டரில் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள். அந்தப் பல்புக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொஞ்சம்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் விளக்குமாறும் காற்றாடியும் அதை இன்னும் பரப்பிவிடும். பூட்டின அறைக்குள் வயிற்றுப்பிள்ளைக்காரி அதைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கக்கூடாது. தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளையின் மூளைவரைக்கும் போகக்கூடிய சாமான் அது. எப்படி அள்ள வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொன்னாள்.

விமலாவுக்கு இதற்கு முன்னால் தரித்த இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. லோகேஸ்வரி தான் கூட்டி வைத்த மூலையைப் பார்த்தாள்.

மகளை வாசற்படியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். காற்றாடியை நிறுத்தி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். நர்ஸ் சொன்ன கால் மணி நேரம் வெளியே காத்திருந்தாள். உதவுகிறேன் என்று எழுந்த மணியத்தை ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். பிறகு முட்டி போட்டு, காலண்டர் அட்டையால் துண்டுகளை அள்ளினாள். தூளை டேப்பால் ஒற்றினாள், ஈரத்தாளால் துடைத்தாள். எல்லாவற்றையும் ஊறுகாய் போத்தலில் போட்டு இறுக்கி மூடினாள். விளக்குமாற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றினாள். இரண்டும் இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும் என்பது நர்ஸின் கட்டளை.

வாசலில் ஒரு கணம் நின்றாள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலைப்படியைத் தாண்டினாள்.

ஊர் வேவு பார்ப்பதற்கென்றே பிறந்த பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை வேலியோரம் நின்றிருந்தாள். அவள் குரல் எப்போதும் பாதித் தாலாட்டு, பாதிக் குத்தல்.

"என்னாக்கா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வச்சப்புறம் குப்பைய வெளிய கொண்டு போற? லெச்சுமி போயிருவா லா."

லோகேஸ்வரி போத்தலை மாற்றுக் கையில் பிடித்தாள்.

"அவ என்னைக்கி, பஞ்சாலை, எங்க வூட்டுக்குள்ள வந்தா, இன்னைக்கி கோச்சுக்கிட்டு வெளிய போறதுக்கு? எம்மவ வயித்துல இருக்கிறது ஒழுங்கா வந்து சேரட்டும், எனக்கு அது போதும்லா. நீ போயி ஒன் வூட்டு லெச்சுமிய இறுக்கிப் புடிச்சு வச்சுக்க."