பைக்குள் இருந்த இடது கை

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது கட்டுக்கதை இல்லை. 1998 மே மாதம், திருப்போரூரில், பட்டப்பகலில் என் காதால் கேட்டது.

தாமோதரன் வால்வு ரேடியோ காலத்து இன்ஜினியர். அவருக்குப் பாராட்டு விழா. விழா மலருக்கு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆள் சரியான தற்பெருமைக்காரர். வாயைத் திறந்தால் ‘நான்’தான். இடது கை எப்போதும் பேன்ட் பைக்குள். பை இல்லை என்பதால் வேட்டியே கட்டமாட்டாராம்!

“ஓடுற ரேடியோ செட்டுல ஒரு கைதான் வைக்கணும். ரெண்டையும் வெச்சா நெஞ்சு வழியா கரன்ட் பாயும். அதான் நான் உசுரோட கீறேன்” என்றார். உயிரோடு இருப்பதையும் சாதனையில் சேர்த்துக்கொண்ட மனிதர்.

அவர் வீட்டு மேஜையில் அவருடைய முதல் ரேடியோ. “ஒண்டியா செஞ்சேன், எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். கொட்டாவி வந்தது.

அப்போது கரன்ட் போனது. மின்விசிறி நின்றது.

ரேடியோவின் டயலில் மட்டும் வெளிச்சம்...

‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். பிறகு ஓர் ஆணின் குரல். பணிவான குரல்.

“சார்... கரன்ட் இல்லல்ல?”

கிழவர் டேப் ஓட்டி வித்தை காட்டுகிறார் என்று எரிச்சலோடு திரும்பினேன். அவர் முகமெல்லாம் வியர்வை.

“சார்... கை வைக்கட்டா?”

“பதில் சொல்லாத. எழுந்து போ” என்றார் தாமோதரன் என்னிடம்.

போகும்போது பார்த்தேன். ரேடியோவின் பிளக் தரையில் கிடந்தது.

விழாவுக்கு முந்தின நாள் அவர் செத்துப்போனார். சாவு வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். அழவில்லை. பெயர் மார்கரெட்.

“எங்க வூட்டுக்காரரு மோசஸ், இவருகிட்ட வேல செஞ்சாரு. ரெண்டு பேரும் சேந்துதான் அந்த ரேடியோவ செஞ்சாங்க. ‘சார், கரன்ட் இல்லல்ல, கை வைக்கட்டா’ன்னு கேட்டாரு. இந்தாளு பிளக்க பாக்காமயே ‘இல்ல, வையி’ன்னான். கைய வெச்சவரு அங்கயே செத்துட்டாரு. நான் சோறு எடுத்துகினு அங்கதான் நின்னேன்.”

ரேடியோவில் நான் கேட்ட குரலைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தாமோதரன் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள், அவர் வீட்டில் வேலை செய்யும் வேண்டா என்ற பெண். ரேடியோவின் பின்பக்கம் திறந்திருந்ததாம். அவருடைய இரண்டு கைகளும் உள்ளே... உள்ளங்கைகள் கருகியிருந்தன. பேன்டின் இடது பை பிய்ந்து வெளியே தொங்கியது.

மின்சாரம் தாக்கி மரணம் என்று டாக்டர் எழுதினார்.

லைன் வேலைக்காக, அவர் செத்த அன்று காலையிலிருந்தே அந்தத் தெருவில் கரன்ட் இல்லை.