லிஃப்ட்காரர் வீட்டு மாப்பிள்ளை

பழைய பஸ் டிக்கெட் ஒன்றைப் பலகையின்மேல் வைத்து, இரண்டு விரலால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறார். மறுகை கீபோர்டில். ஒரு தட்டுத் தட்டினால், மரம் செதுக்கும் எந்திரத்தில் மேலே தொங்கும் வெட்டுமுனை மயிரிழை அளவு இறங்கும். டிக்கெட் ஓடுகிறது. இன்னொரு தட்டு. இன்னும் ஓடுகிறது. அடுத்த தட்டில் லேசாகப் பிடிக்கிறது. "ம், பூஜ்யம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, டிக்கெட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். இங்கிருந்துதான் ஆழக் கணக்கு தொடங்கும். இது தப்பினால் மரத்தில் செதுக்கிய பூ இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். இதற்கென்றே கருவி விற்கிறார்கள், அவர் வாங்கவில்லை. என் விரலை நம்பாமல் எவன் செய்த கருவியையோ நம்பச் சொல்கிறீர்களா என்று கேட்பார்.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். கூண்டுக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டாரானால், மூன்று மாடி ஏறுவதற்குள் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "கண்ணு பொய் சொல்லும், சத்தம் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி எடுத்துவிடும் வாக்கியம். சாயங்காலம் அக்குவேறு ஆணிவேறாகக் கழன்ற உடம்போடு வீடு திரும்புவார். செருப்பைக் கழற்றியதும் கால்கள் தாமாகவே கீழ் அறைக்குள் போகும்.

அந்த அறையில்தான் அது இருக்கிறது. கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர். மோட்டார்கள் உடைசலுக்குப் போன நகல் எந்திரங்களில் கழற்றியவை. சட்டமும் தண்டவாளமும் கழித்துப்போட்ட லிஃப்டுகளின் மிச்சம். எல்லாம் சேர மூன்று வருடமாயிற்று. அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. இருப்பதிலேயே நல்ல அறையில் குந்திக்கொண்டு, கரண்டைத் தின்று, குப்பையும் போட்டு, கத்தவும் செய்கிறதாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிட முடியாதாம். "பொண்ணே இல்லாத வீட்டுக்கு எப்படித்தான் வந்து வாய்ச்சுதோ" என்று அலுத்துக்கொள்வார்.

அடிச்சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கியிருக்கலாம். போல்ட் என்றால் என்றைக்காவது ஆடும் என்று சொல்லி, வெல்டரை வீட்டுக்கே வரவழைத்து, அறைக்குள் வைத்தே பற்றவைத்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நாலரை அடிக்குக் குறையாது. அறைக் கதவு இரண்டரை அடி. வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு, இதை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டான். அது எதற்கு வெளியே போக வேண்டும் என்றார் இவர். சுவரை இடிக்கவும் வழியில்லை. அதன் தலையில்தான் மாடிப்படி நிற்கிறது.

போன மாதம் ஒருநாள் மரத்தில் கணு இடறி வெட்டுமுனை முறிந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு உடைந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் தலைக்குமேல் படியில் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு என்று ஏழு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யாரோ உட்காரும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டு. லிஃப்டாக இருந்தால் அந்த ஒரு சத்தத்திலேயே அதை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

மாடிக்குப் போய்க் கேட்டார். மனைவி துணியை மடித்துக்கொண்டே சொன்னார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, இனி படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீங்க மெஷினை ஓட்டிக்கிட்டிருந்தீங்க."

ஊரிலிருக்கும் கிழவிகளையெல்லாம் நோகாமல் பத்தாவது மாடிக்கு ஏற்றி இறக்குகிறவர். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனிதர் உடனே வழிக்கு வந்துவிடவில்லை. மனைவியின் படுக்கையைக் கீழ் அறைக்கு மாற்றும் பேச்சையே எடுக்காமல் பத்து நாள் உட்கார்ந்து, படிச்சுவருக்கு ஒரு கைப்பிடி செய்தார். தேக்கு. நீளம் முழுக்கக் கொடி, கொடி முழுக்க இலை. அந்த எந்திரம் இதுவரை செய்ததில் அதுதான் அழகு. பொருத்திவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மனைவி பிடித்து ஏறினார், ஏழாவது படியில் உட்கார்ந்தார், இலைகளைத் தடவிப் பார்த்தார்.

"கைப்பிடி நல்லாத்தாங்க இருக்கு. காலுதான் வரமாட்டேங்குது."

குற்றம் சாட்டிய குரலில்லை. அசந்துபோன குரல். அதுதான் அவரைத் தைத்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெல்டரிடம் இரும்பு வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்தார். கதவை அளந்தார். சட்டத்தை அளந்தார். சாக்பீஸால் கோடு போட்டு, அழித்து, மறுபடி அதே இடத்தில் போட்டார். வெட்டிய துண்டுகளைப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். வெட்டி ஒட்டிய சட்டம் பழைய நேருக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். மயிரிழை மயிரிழையாகச் சேர்த்த மூன்று வருட நேர். விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். வந்தும் நின்றார்.

கடைசியில் வெட்டுத்தட்டைக் கோட்டின்மேல் இறக்கினார். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய் பஸ் டிக்கெட்டை எடுத்து, தட்டுக்கும் இரும்புக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தது. பிடித்தது. விரல் அங்கேயே நின்றது.

தலைக்குமேல் படியில் காலடி ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. ஏழு.

டிக்கெட்டை உருவாமலே பொத்தானை அழுத்தினார்.