தன் விலைமேல் தானே கூப்பிட்டவர்

அன்றைக்குப் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தங்கபாயால் சொல்லியிருக்க முடியாது. கண் முழுக்கப் பீடத்தின் படியில்தான் இருந்தது. அங்கே அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் கொண்டுவந்த காணிக்கைகள் குவிந்து கிடந்தன. வாழைக்குலை, தேங்காய், சேனை, கால் கட்டிய கோழி. நடுவில் சாம்பல் பூத்த ஒரு தடியங்காய், மற்ற ஊர்க்காரர்கள் வெள்ளைப் பூசணி என்பார்களே, அது. அவள் வைத்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்தக் காய்க்கு இனி யார் விலை கூப்பிடுவார்கள்? வருஷா வருஷம் கூப்பிட்டவர் போன மாசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

"என்ன பிள்ளே, எறும்பு கடிச்ச மாதிரி நெளியுத?" என்றாள் பக்கத்தில் இருந்த ராகேல். அடுத்த வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்லக்கா."

ஆனால் மனம் ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்தக் காய்தான்.

அவள் புருஷன் தாசையன் களியக்காவிளைக்குத் தெற்கே பிறந்தவர். கல்யாணம் ஆன கையோடு ஒரு தகரப்பெட்டியும் அவளுமாகத் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் மூட்டை சுமந்தார். கடைசிவரை அதே மண்டிதான். மாலையில் வீடு திரும்பும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே வருவார். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டினால், "தொடாதடே மக்கா, கண்ணு எரியும்" என்று கிணற்றைச் சுற்றி ஓடுவார். பிள்ளை துரத்தும். குளித்து, கையைப் புளி போட்டுத் தேய்த்து, முதலில் தன் கண்ணையே தொட்டுப் பார்ப்பார். எரியவில்லை என்றால்தான் பிள்ளையைத் தூக்குவார். தங்கபாய்க்குக் காய்ச்சல் கண்டால் வேலைக்குப் போகுமுன் கஞ்சி வைத்து, ஆற்றி, தலைமாட்டில் மூடிவைத்துவிட்டுப் போகிற மனுஷன்.

வந்த வருஷமே, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை வைக்க வேண்டும் என்று மாதங்களுக்கு முன்பே சபையில் சொல்லிவிட்டார்கள். நிலமே இல்லாதவர்களுக்கு ஏது அறுப்பு? தங்கபாய் அழுதாள்.

"நமக்கு ஓடு இருக்கே பிள்ளே," என்றார் அவர். அதுவும் வாடகை வீட்டு ஓடு. அடுக்களைக்குப் பின்னால் விதை ஊன்றி, கொடியை ஓட்டின்மேல் ஏற்றிவிட்டார். காய் பிடித்ததும் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் சொருகினார். முதல் காய் ஆண்டவருக்கு.

ஏலம் விட்டவர் தையல்கடை சுவாமிதாஸ். அவருடைய வாய்க்காகவே ஏலத்துக்கு உட்காருகிறவர்கள் உண்டு. காயைத் தூக்கிக் காட்டி, "இது மிளகாய் மண்டிக்காரர் வீட்டுக் காய். உறைக்குமோ என்னவோ!" என்றார். சபை சிரித்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. புதிதாக வந்த பெண், தங்கபாய்க்குத் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து தாசையனின் சத்தம். "ஒரு ரூவா!"

"ஒரு ரூவா ஒரு தரம்..."

"ஒண்ணரை!"

"ஓய், அந்த ஒரு ரூவாயும் உம்மதுதான் வேய்!"

"இருக்கட்டும். ரெண்டு!"

பாவம், அதற்குமுன் ஏலம் என்பதையே பார்த்ததில்லை. தரம் எண்ணத் தொடங்கினால் வேறு யாரோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று பதறிவிட்டார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே காயைத் தோளில் வைத்து வீட்டுக்கு நடந்தார்.

"எதுக்கு இப்பிடி?" என்று கேட்டாள்.

"ஒனக்க காயி அங்கின அனாதையாட்டு இருக்கத எனக்குப் பாக்கப் பொறுக்கல."

அந்தக் காயின் விதையைச் சாம்பலில் உலர்த்தி, துணியில் முடிந்து அடுப்புக்குமேல் தொங்கவிட்டார்கள். மறுவருஷம் அதே கொடி, அதே ஏலம், அதே கூத்து. இப்போது தெரிந்தே செய்தார். மகன் சத்தியதாஸ் வளர்ந்து மலையாளப் பள்ளிக்கூடம் போனபிறகு, "மதி அப்பா, நாணக்கேடு" என்பான், போதும், வெட்கமாயிருக்கிறது என்று. அப்பா கேட்டால்தானே!

இந்த வருஷக் கொடி, அவர் கடைசியில் மூச்சிரைப்போடு உட்கார்ந்து, தன் கையாலேயே ஊன்றிவிட்டுப் போனது. ஒரே ஒரு காய்தான் நின்றது. "கறி வைப்போம் அம்மே, விதையாவது மிஞ்சும்," என்றான் சத்தியதாஸ். இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறான். ஆண்டவருக்கென்று ஊன்றியதை எப்படி வீட்டில் வெட்டுவது? கொண்டுவந்துவிட்டாள். வந்ததிலிருந்து இந்தத் தவிப்பு.

சுவாமிதாஸ் காயைத் தூக்கினார். வாயில் பரிகாசம் வரவில்லை. "இது... நம்ம தாசையன் வீட்டுக் காய்."

சபை அசையவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். முதல் வருஷத்தைப் போலவே ஒருவரும் கூப்பிடவில்லை. தங்கபாய் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அஞ்சு ரூவா!"

பெண்கள் பக்கத்திலிருந்து அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. சுவாமிதாஸ் திகைத்து, "அஞ்சு ரூவா ஒரு தரம்," என்றார்.

"ஆறு!" என்றது ஆண்கள் பக்கம். சத்தியதாஸ்.

"எடே, நான் கூப்பிட்டாச்சு. நீ என்னத்துக்கு மேல கேறுத?"

"நீ சும்மா இரி அம்மே. நான் எடுக்கேன்."

"ஏழு!"

"எட்டு!"

"அப்பன் ஒத்தைக்கு நின்னு ஏத்தினாரு. இப்ப அம்மையும் மவனுமா?" என்றார் சுவாமிதாஸ், பழைய வாய் திரும்பி. "ரெண்டும் ஒரே அடுப்புக்குத்தானே ஓய் போவுது!"

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ராகேல், "பத்து!" என்றாள்.

"பத்து ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ராகேலக்காளுக்கு!"

ஆசீர்வாதம் முடிந்து முற்றத்துக்கு வந்ததும் தங்கபாய் ராகேலின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, காயத் தந்திரு. பத்தும் தாறேன்."

"தரமாட்டேன்." ராகேல் காயை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வருஷம் தோறும் ஒனக்க ஓட்டில காய்க்குத காய என் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே கெடக்கேன். கூப்பிடலாம்னு வாயத் திறந்தா ஒனக்க மாப்பிள தனக்க விலைமேலேயே ஏறிப் போவாரு. எனக்க வீட்டுக்காரரு ரெண்டாம் வருஷமே கூப்பிட எழும்பினாரு. நாந்தான் சைகை காட்டி இருத்தினேன். அந்த மனுஷன் முகத்தப் பாத்தா ஆருக்கு மனசு வரும்?"

இத்தனை வருஷமும் அவரைத் தவிர யாருக்கும் வேண்டாத காய் என்றல்லவா தங்கபாய் நினைத்திருந்தாள்.

"அப்ப... நல்ல காய்தானாக்கா?"

"இல்லேன்னா பத்து ரூவாய்க்கு எனக்கென்ன பைத்தியமா?"

"விதை மட்டும்..."

"பாதி ஒனக்கு, பாதி எனக்கு. வந்து நறுக்கு. எனக்குக் கை வலி."

சத்தியதாஸ் காயை வாங்கித் தோளில் வைத்தான். தங்கபாய் பின்னாலேயே, "காம்பப் பாத்துப் பிடிடே," என்று நடந்தாள்.

ராகேலின் அடுக்களையில் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டும்போதும் அவளுக்கு வாய் ஓயவில்லை. "ஒவ்வொரு காய்க்கும் வைக்கோல் வைக்கணும் கேட்டியாக்கா. அவரு வைப்பாரு."

"வைக்கேன், வைக்கேன். அடுத்த வருஷம் எனக்க காயும் படியேறும். ஆரு கூப்பிடுவாவளோ!"

"நான் கூப்பிடுவேன்," என்றாள் தங்கபாய். "ஒரு தரம்னு சொல்லும்போ எனக்க விலைக்கு மேலேயே கேறவும் செய்வேன்."